கலவர நாளில் நண்பன்: உப்பளக் கரையிலிருந்து ஒரு வரலாற்று வாசிப்பு



நினைவுச் சொற்பொழிவு என்றால் நிலவுரிமை, இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆணவக் கொலை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துப் பேசுவது நம் மன்றங்களின் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நட்பு. அதையும் சில திரைப்படங்களின் வழியாகப் பேசப்போகிறோம். இது இலேசான பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வட தமிழகத்தில் நடந்தவற்றை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அவற்றோடு சேர்ந்து எரிந்த இன்னொன்று உண்டு. ஊர்த் தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே டீக்கடையில் நின்று பழகும் பழக்கம் அது. சாதி அஞ்சுவது காதலுக்கு மட்டும் என்று நாம் நினைக்கிறோம். காதலுக்கு முந்தைய படியான பழக்கத்திலேயே அதன் அச்சம் தொடங்கிவிடுகிறது.

தாய்க்கு அடுத்தபடியாகத் தமிழ் சினிமா அதிகம் கொண்டாடியது நண்பனைத்தான். 2008இல் வந்த ‘சுப்பிரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையில் நடக்கும் கதை. வேலையற்ற இளைஞர்களை ஓர் அரசியல் குடும்பம் பயன்படுத்திக்கொண்டு கைவிடுகிறது. நட்பு ரத்தத்தில் முடிகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘நாடோடிகள்’ படத்தில் நண்பனின் காதலுக்காக நண்பர்கள் தங்கள் உடலையே இழக்கிறார்கள். இரண்டும் இளைஞர்கள் மனத்தில் ஆழப் பதிந்த படங்கள். ஆனால் நண்பனுக்காக உயிரையே கொடுக்கும் நாயகன் அந்த நண்பன் வீட்டில் தண்ணீர் குடிப்பானா என்ற கேள்வி இந்தப் படங்களில் எழவில்லை. நண்பர்கள் எந்தத் தெரு என்று படமும் சொல்வதில்லை, பார்ப்பவரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே பெருந்தன்மை என்று நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். மரக்காணக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

உப்பும் இரண்டு குடியிருப்புகளும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைக் கடந்துதான் போகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், வெயிலில் கூசும் வெள்ளைக் குவியல்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். ஆங்கிலேயர் காலத்துப் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இந்தப் பகுதியில்தான் முடிகிறது. இன்று தமிழ்நாட்டின் உப்பளங்களைப் பற்றிப் பேசினால் தூத்துக்குடி, வேதாரண்யத்தை அடுத்து வரும் பெயர் மரக்காணம்.

உப்பின் பெருமை இவ்வளவும் உப்பு வாருகிறவருக்கு ஒன்றும் செய்ததில்லை. வெயில் ஏற ஏற வேலை ஏறும் தொழில் இது. விடியுமுன் பாத்தியில் இறங்கினால்தான் உச்சிவெயிலுக்கு முன்னால் கரையேற முடியும். தரையை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய வைக்க வேண்டும். நீண்ட கழி பூட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்க்க வேண்டும். கூடையில் தலைச்சுமையாகக் குவியலுக்குக் கொண்டுபோக வேண்டும். காலில் வெடிப்பு, கண்ணில் கூச்சம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணம் ரூ.5,000, அதுவும் அண்மை ஆண்டுகளில் வந்ததுதான்.

இந்தப் பாத்திகளில் ஊர்த் தெருவினரும் நிற்கிறார்கள், காலனியினரும் நிற்கிறார்கள். உப்புத் தண்ணீர் இருவர் காலையும் ஒரேபோல்தான் அரிக்கிறது. சுமை ஏற்றிவிட ஒரு கை, வெயிலில் மயங்கினால் தாங்க ஒரு கை என்று வேலையே ஒருவரை ஒருவர் தொட வைக்கிறது. வேலை முடிந்ததும் ஒருவர் ஊருக்குள் போகிறார், மற்றவர் காலனிக்குப் போகிறார். பகலில் உண்டான நெருக்கத்துக்கு மாலையில் போக இடமில்லை. நம் கரையில் நட்பின் முதல் சிக்கல் இதுதான். உழைப்பு ஒன்று சேர்ப்பதைக் குடியிருப்பு பிரித்துவிடுகிறது.

உப்பின் பெயரால் இந்த நாடு ஒருமுறை ஒன்றுகூடியதாகப் பள்ளியில் படித்திருக்கிறோம். காந்தியின் தண்டி நடைப்பயணம் 1930 மார்ச் 12 அன்று தொடங்கியது. அடுத்த மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அதே மார்ச் 2 அன்று, தண்டிப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னால், நாசிக்கில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியிருந்தது. உப்புக்காகச் சேர்ந்து நடக்கத் தயாராக இருந்த தேசம், ஒரே கதவு வழியாக உள்ளே போகத் தயாராக இல்லை. ஒரு மாதத்துக்குள் அடங்கிய இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு நம் கரையின் வரலாறு விளங்காது.

மேடையில் கைகோத்தவர்கள்

பழைய தென்னார்க்காட்டின் கலவர வரலாறு 2013இல் தொடங்கியதல்ல. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய வன்னியர் சங்கத்தின் சாலைமறியலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு 21 பேர் பலியானார்கள். இடஒதுக்கீடு கேட்டு உயிர்விட்டவர்கள் அவர்கள், அவர்களும் ஏழைகள்தான். அதே மறியல் நாட்களில் தலித்துகளின் குடிசைகளும் எரிக்கப்பட்டன. அரசிடம் உரிமை கேட்ட கை பக்கத்துக் குடிசையில் தீ வைத்தது என்ற முரண்பாட்டை நாம் மறைக்கக் கூடாது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கான 20 விழுக்காடு 1989இல் கிடைத்தது. பாட்டாளி மக்கள் கட்சி பிறந்ததும் அந்த ஆண்டில்தான்.

அதன் பிறகு நம்பிக்கையூட்டும் ஒரு காலமும் இருந்தது. 2004இல் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்தில் மருத்துவர் ராமதாசும் தோழர் திருமாவளவனும் ஒரே மேடையில் நின்றார்கள். ராமதாசுக்குத் ‘தமிழ்க் குடிதாங்கி’ என்ற பட்டத்தைச் சூட்டியவரே திருமாவளவன்தான். 2011 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் ஒரே கூட்டணியில் போட்டியிட்டன. வட மாவட்டங்களின் இரு பெரும் உழைக்கும் சமூகங்கள் சேர்ந்தால் தமிழக அரசியலின் முகமே மாறும் என்று அன்று பலர் எழுதினார்கள். அது தவறான கணக்கல்ல.

ஆனால் அந்த நட்பு மேடையிலிருந்து தெருவுக்கு இறங்கவில்லை. தலைவர்கள் கைகோத்த படம் சுவரொட்டியில் இருந்தது. சுவரொட்டி ஒட்டிய இளைஞர்கள் மாலையில் வேறுவேறு தெருவுக்குப் போனார்கள். கூட்டணிக்குத் தொகுதிப் பங்கீடு இருந்ததே தவிர, தெருக்களுக்கு இடையே ஒரு பொதுப் படிப்பகமோ பொது விளையாட்டுத் திடலோ பொதுச் சுடுகாடோ உருவாகவில்லை. மேலே கட்டிய பாலத்துக்குக் கீழே தூண் இல்லை. 2011இல் ஒரே கூட்டணி. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய்.

ஒரே சட்டை, இரண்டு நியாயம்

2012 ஆகஸ்ட் 15 அன்று பா. இரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’ வெளிவந்தது. சென்னைப் புறநகரை ஒட்டிய கிராமத்து இளைஞன் ஒருவன் பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறான், நண்பர்களோடு சுற்றுகிறான், ஒரு பெண் மறுத்தால் அழ முயன்று அழுகை வராமல் வேறு வேலை பார்க்கிறான். காதலில் தோற்பதுகூட அங்கே சிரிப்புக்குரிய சாதாரண விஷயம். தலித் இளைஞனை அடிபட்ட உடலாகவோ அடியாளாகவோ காட்டாமல், எல்லா இளைஞர்களையும்போல விளையாட்டுத்தனம் உள்ளவனாகக் காட்டியதுதான் அந்தப் படத்தின் அரசியல். சாதாரணமாக இருக்கும் உரிமையை அது கேட்டது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் தாக்கப்பட்டன. ஒரு சாதிமறுப்புத் திருமணமும், பெண்ணின் தந்தையுடைய தற்கொலையும் காரணமாகச் சொல்லப்பட்டன. 200க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பைக்குகள், பீரோக்கள், பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் சாம்பலாயின. வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த முன்னேற்றத்தின் அடையாளங்கள் தேடித்தேடி அழிக்கப்பட்டன.

அந்த ஆண்டின் இறுதியில் ராமதாஸ் தலித் அல்லாத சாதிகளின் தலைவர்களைத் திரட்டினார். தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு மேடையேறியது. ‘நாடகக் காதல்’ என்ற சொல் ஊரெங்கும் பரவியது. ஒரு துணி குற்றச்சாட்டாக மாறிய விதத்தைச் சமூகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். முன்பு முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. ஜீன்ஸ் மீதான வசை அதே கட்டுப்பாட்டின் புதிய பதிப்பு. உடையால் ஆள் தெரியாமல் போவதுதான் அவர்களுக்குச் சிக்கல். கல்லூரி வாசலில் நிற்கும் நான்கு இளைஞர்களில் யார் காலனி என்று பார்த்தவுடன் தெரியவில்லை என்றால், நால்வரும் நண்பர்களாகிவிடுவார்கள்.

2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கமும் பாமகவும் சித்திரை முழுநிலவு விழாவை நடத்தின. ‘இளைஞர் பெருவிழா’ என்பதுதான் அதன் பெயர். தெற்கிலிருந்து வண்டி வண்டியாக வந்தவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணத்தைக் கடந்தார்கள். அங்கே மோதல் வெடித்தது. கட்டையன் தெருக் காலனியில் தலித் வீடுகள் எரிந்தன, வாகனங்கள் எரிந்தன, காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. விழாவுக்குச் சென்றவர்களில் இருவர் அன்று உயிரிழந்தார்கள். அது விபத்து என்றும் கொலை என்றும் இருவேறு வாதங்கள் எழுந்தன. எந்தத் தெருப் பிள்ளையானாலும் போன உயிர் உயிர்தான். ஏப்ரல் 30 அன்று தடையை மீறி விழுப்புரத்தில் போராட முயன்ற ராமதாஸ் கைதானார். ஜூலை 4 அன்று தருமபுரியில் ரயில் பாதையோரம் இளவரசன் இறந்து கிடந்தார்.

வண்டிகளில் வந்தவர்களும் நண்பர்கள்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே நிறச் சட்டை, ஒரே பாட்டு. சாதி நட்பை அழிக்க மட்டும் செய்வதில்லை, தனக்கேற்ற நட்பை உற்பத்தியும் செய்கிறது. ஆகவே நட்பு என்றாலே நல்லது என்று நாம் பாடிக்கொண்டிருக்க முடியாது. யாரோடு நட்பு, எந்த நிபந்தனையில் நட்பு, கலவர நாளில் அந்த நட்பு என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

சாந்தியாகோவின் இரண்டு சிறுவர்கள்

அந்தக் கடைசிக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்ட படம் ஒன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சிலி நாட்டின் ஆந்த்ரேஸ் வூட் 2004இல் இயக்கிய ‘மச்சூக்கா’. கதை நடப்பது 1973ஆம் ஆண்டு சாந்தியாகோ நகரில். அயெந்தேயின் சோசலிச ஆட்சி, தெருவெல்லாம் ஊர்வலங்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் கிறித்தவப் பள்ளியொன்றில் அதன் பாதிரியார் குடிசைப் பகுதிப் பிள்ளைகளையும் சேர்க்கிறார். கொன்சாலோ என்ற வசதியான வீட்டுச் சிறுவனும் பெத்ரோ மச்சூக்கா என்ற குடிசைச் சிறுவனும் நண்பர்களாகிறார்கள். ஒருவன் வீட்டுக்கு மற்றவன் போகிறான். ஊர்வலங்களில் கொடி விற்கிறார்கள். வலதுசாரி ஊர்வலத்திலும் விற்கிறார்கள், இடதுசாரி ஊர்வலத்திலும் விற்கிறார்கள். அரசியல் அவர்களுக்கு அப்போது திருவிழாதான்.

செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கவிழ்க்கிறது. பள்ளி ராணுவத்தின் கைக்குப் போகிறது. பிறகு குடிசைப் பகுதிக்குள் சிப்பாய்கள் நுழைகிறார்கள். அன்று கொன்சாலோ அங்கே இருக்கிறான். அவர்களுடைய தோழி சில்வானா அவன் கண்ணெதிரே சுடப்பட்டுச் சாகிறாள். ஒரு சிப்பாய் அவனையும் பிடிக்கிறான். தான் இந்த இடத்தைச் சேர்ந்தவனில்லை என்று சிறுவன் சொல்கிறான், தன்னை நன்றாகப் பார்க்கச் சொல்கிறான். சிப்பாய் பார்க்கிறான். உடை, காலணி, வெள்ளைத் தோல் எல்லாம் சாட்சி சொல்கின்றன. அவனை விட்டுவிடுகிறான். கொன்சாலோ சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறான். பெத்ரோ அங்கேயே நிற்கிறான்.

அந்தச் சிறுவனைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? படம் அவனைத் தண்டிக்கவில்லை, ஓர் உண்மையை மட்டும் வெளியே வைக்கிறது. நட்பு இருவருக்கும் பொதுவாக இருந்தது. வெளியேறும் வாசல் ஒருவனுக்கு மட்டும் இருந்தது. அமைதிக் காலத்தில் தெரியாத அந்த ஏற்றத்தாழ்வு கலவர நாளில் ஒரே கணத்தில் தெரிந்துவிட்டது.

இதை நம் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். சாந்தியாகோவில் நல்ல உடை அந்தச் சிறுவனின் உயிரைக் காத்தது. இங்கே நல்ல உடை காலனிப் பையனுக்குக் குற்றச்சாட்டாகிறது. வர்க்கம் சட்டையில் தெரியும், சட்டையை மாற்றினால் ஓரளவு மறையும். சாதிக்குச் சட்டை போதாது என்பதால்தான் ஊர் பெயர், தெரு பெயர், தகப்பன் பெயர் என்று நம்மிடம் கேட்டுக்கொண்டே போகிறார்கள். நமக்கு வெளியேறும் வாசலும் இல்லை, மாற்றிக்கொள்ளும் சட்டையும் இல்லை.

சொல்லப்படாத அவமானம்

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018 செப்டம்பர் 28 அன்று வெளிவந்தது. பலர் அதைக் காதல் படம் என்று சொல்கிறார்கள். பரியன் தன் உறவை ஒருபோதும் காதல் என்று உரிமை கொண்டாடுவதில்லை. புளியங்குளத்திலிருந்து திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்கு வந்தவன் அவன். ஆங்கிலம் புரியாமல் தவிக்கிறான். உடன்படிக்கும் ஜோ சொல்லிக்கொடுக்கிறாள். படிப்பில் கைகொடுத்த ஒரு தோழமை அது. அதற்கே அவன் ஒரு திருமண மண்டபத்தின் அறைக்குள் அடைத்து அடிக்கப்படுகிறான். முகத்தில் சிறுநீர் கழிக்கப்படுகிறான்.

படத்தில் நம்மை அதிகம் யோசிக்க வைப்பது அதற்குப் பின் நடப்பது. பரியன் ஜோவிடம் எதையும் சொல்வதில்லை. தன் வீட்டார் செய்தது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அவள் மனம் உடையக் கூடாது என்று அவன் காக்கிறான். நண்பனின் அன்பு அது. அந்த அன்பின் செலவு முழுவதும் அவன் கணக்கில் விழுகிறது. அடிபட்டவனே அடித்த வீட்டின் மானத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. ஊர்த் தெரு நண்பர்களோடு படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நட்பைக் காப்பாற்றுகிறார்கள்? நண்பன் வீட்டுத் திண்ணையோடு நிறுத்தப்பட்டதை நண்பனிடமே சொல்லாமல் சிரித்துக்கொண்டு வந்த கதை இங்கிருக்கும் பலருக்கும் சொந்தக் கதை. படம் முடியும்போது ஜோவின் தந்தையும் பரியனும் அருகருகே அமர்கிறார்கள். இரண்டு டீ கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. பேச்சு தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அந்தப் பேச்சு நண்பர்களுக்கு இடையே இன்னும் தொடங்கவில்லை.

நட்புக்கே கொலை உண்டு என்பதை நீதிமன்றப் பதிவுகளே சொல்கின்றன. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன்படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடந்தது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அந்த வழக்கில் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்று. அதில் இருக்கும் பெண் தான் இல்லை என்று அந்தத் தோழி நீதிமன்றத்தில் சொன்னார்.

அந்தப் பெண்ணை ஏசுவது நம் நோக்கமல்ல. சாட்சி சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போக வேண்டிய வீடு எது, தெரு எது என்று நினைத்துப் பார்ப்போம். நண்பனுக்காக உண்மை சொன்னால் வாழ இடமில்லாத நிலையைச் சாதி உண்டாக்கி வைத்திருக்கிறது. சாந்தியாகோவின் சிறுவனுக்குத் திறந்திருந்த வாசல் அவனைக் காத்தது. நம் ஊரில் அந்த வாசல் வழியாக வெளியேறும்படி துரத்துகிறார்கள். இளவரசன், கோகுல்ராஜ், ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கருப்பி என்ற நாய் மூன்று பேருக்கும் தண்டவாளமே முடிவாக அமைந்தது. படம் எந்த வரலாற்றிலிருந்து பேசுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஒரே அணியில் ஆடுவது

2024 ஜனவரியில் வந்த எஸ். ஜெயக்குமாரின் ‘ப்ளூ ஸ்டார்’ நம் கரைக்கு இன்னும் நெருக்கமான நிலத்தில் நடக்கிறது. தொண்ணூறுகளின் அரக்கோணம் பக்கத்துக் கிராமம். காலனிக்கு ஓர் அணி, ஊருக்கு ஓர் அணி. திருவிழாத் தகராறுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து ஆடியதில்லை. ரஞ்சித்தும் ராஜேஷும் எதிரெதிர் அணித் தலைவர்கள். நகரத்துக் கிளப் ஆட்டக்காரர்களின் முன்னால் ராஜேஷும் அவமானப்படும்போதுதான் அவமானம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துச் சிரிக்காமல் பக்கத்தில் போய் நிற்கிறான் ரஞ்சித். இரண்டு அணிகளும் ஒன்றாகின்றன.

இந்தப் படத்தின் பலம், நட்பை மனமாற்றத்திடம் ஒப்படைக்காமல் ஒரு வேலையிடம் ஒப்படைத்தது. ஒரே அணியில் ஆட வேண்டுமென்றால் பந்தைக் கொடுத்தாக வேண்டும், காட்சைப் பிடித்தாக வேண்டும், தோற்றால் சேர்ந்து தோற்றாக வேண்டும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இருவரையும் சேர்க்க மேலே ஒரு மூன்றாவது ஆள் தேவைப்படுகிறான். அந்த மூன்றாவது ஆள் போய்விட்டால் என்ன ஆகும்? நகரத்தில் ராஜேஷ் பட்ட அவமானமும் ஊரில் ரஞ்சித் படும் அவமானமும் ஒன்றல்ல. முதலாவது ஊர் திரும்பினால் ஆறிவிடும். இரண்டாவது ஊர் திரும்பினால்தான் தொடங்கும். உப்பளத்திலும் மூன்றாவது ஆள் உண்டு: உப்புக்கு விலை வைக்கும் வியாபாரி, கூலியை முடிவுசெய்யும் குத்தகைதாரர். கூலிக்காக இரண்டு தெருவும் சேர்ந்து நிற்க வேண்டியது கட்டாயம். சேர்ந்து நிற்கும்போதே தண்ணீர்க் குடம் தனியாக இருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். கூலி உயர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பேச்சு வராது.

இன்னொரு குறையும் உண்டு. ஜோ நட்பின் காரணமாக இருக்கிறாள், ஆனால் நடந்தது அவளுக்குத் தெரியாது. நம் படங்களில் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான நட்புக்கு இடம் மிகக் குறைவு. உப்புக் கூடை சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். ஊர்த் தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் பகலெல்லாம் பேசிச் சிரித்து, மகப்பேறு முதல் கடன்வரை பகிர்ந்துகொள்கிறார்கள். கலவரத்துக்கு மறுநாள் அந்தப் பேச்சு எப்படி நின்றது, எத்தனை மாதம் கழித்து யார் முதலில் பேசினார் என்பதுதான் இந்தக் கரையின் எழுதப்படாத வரலாறு.

நமக்கு முன்னால் உள்ள வேலை

திருமணத்துக்குச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. வன்கொடுமைக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நட்புக்கென்று ஒரு சட்டமும் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் அரசமைப்பின் முகவுரையில் சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றோடு சகோதரத்துவமும் இருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் ஆற்றிய உரையில் அண்ணல் இந்த மூன்றையும் பிரிக்க முடியாது என்றார். சகோதரத்துவம் இல்லையென்றால் மற்ற இரண்டும் மேற்பூச்சாகவே நிற்கும் என்பது அவர் வாதம். 1936இன் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலிலும் சனநாயகத்தை அவர் வெறும் ஆட்சிமுறையாகப் பார்க்கவில்லை. சேர்ந்து வாழும் முறையாகவே பார்த்தார். இறுதிக் காலத்தில் பௌத்தத்தின் மைத்திரியில் அதன் வேரைக் கண்டார். நாம் நட்பு என்று இன்று பேசியது அந்தச் சகோதரத்துவத்தைத்தான். அது உணர்ச்சி மட்டும் என்றால் கலவர நாளில் கரைந்துவிடும். அதற்கு அமைப்பு வேண்டும்.

பள்ளிக்கூடம் தானாக அதைச் செய்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுப்பது அவசியம். அறுத்த கைகள் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

ஆகவே மாணவர்களிடமும் செயல்பாட்டாளர்களிடமும் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். முதலாவது, இரண்டு தெருவுக்கும் பொதுவான இடங்களை உருவாக்குவது: மாலைநேரப் படிப்பகம், விளையாட்டு அணி, உப்பளத் தொழிலாளர் சங்கம். எந்த இடமும் ஊருக்குள்ளேயே இருக்கக் கூடாது. காலனியிலும் இருக்க வேண்டும். நம் பிள்ளை மட்டுமே நடந்து போகும் நட்பு பாதி நட்பு. இரண்டாவது, இந்தப் படங்களை இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்படி திரையிடுவது, படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் பேச வைப்பது. பரியன் ஜோவிடம் சொல்லாததை நம் பிள்ளைகள் நண்பர்களிடம் சொல்லப் பழக வேண்டும். கேட்கிறவர்கள் கோபப்படாமல் கேட்கப் பழக வேண்டும். சாதி பார்க்காத நட்பு என்று பெருமை பேசுவதைவிட, சாதியைப் பற்றி முகத்துக்கு நேரே பேச முடிகிற நட்பு மேலானது. மூன்றாவது, 2013 ஏப்ரலின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டுவது. எரிந்த வீட்டுக்காரரின் வாக்கும் வேண்டும். அன்று தன் வாசலைத் திறந்து யாரையாவது உள்ளே விட்ட ஊர்த் தெருக்காரர் இருந்தால் அவர் வாக்கும் வேண்டும். விட மறுத்தவரின் மௌனமும் பதிவாக வேண்டும். அன்று பதினேழு, பதினெட்டு வயதில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது ஆகிறது. அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். யாரோடு பேசலாம், யாரோடு பேசக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்கு இன்று வீட்டில் சொல்லிக்கொடுக்கப்படுவதுதான் அடுத்த கலவரத்தையோ அது நடக்காமல் போவதையோ முடிவுசெய்யும்.

கலவரம் வரும் நாளில் நண்பன் தனக்குத் திறந்திருக்கும் வாசல் வழியாகப் போகாமல் நம் தெருவில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அப்படி அவன் நிற்பதற்கு அவன் தெருவிலும் நாலு பேர் துணை வேண்டும். அந்த நாலு பேரை உருவாக்கும் வேலையைக் கலவர நாளில் தொடங்க முடியாது. சாதாரண நாட்களில்தான் செய்ய முடியும். அதற்கான நாட்கள் இப்போது நம் கையில் இருக்கின்றன.

ஜெய்பீம்.